மரம் நடுவது ஐந்தாம் படி: மலையோரக் காட்டையும் பறவைகளையும் ஊராரோடு சேர்ந்து காப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பினாங்கில் ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங், தெலுக் பஹாங் போன்ற மலையடிவாரக் குடியிருப்புகளிலும், கோலாலம்பூர் வட்டாரத்தில் புக்கிட் கியாரா, கெப்போங், கோம்பாக் பக்கங்களிலும் பலருடைய வீட்டுக்குப் பின்னாலேயே காடு தொடங்கிவிடுகிறது. அந்தக் காட்டுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று புறப்படும் குழுக்களில் பெரும்பாலானவை முதல் வாரத்திலேயே மரக்கன்று வாங்கப் போய்விடுகின்றன. ஓராண்டு கழித்துப் பார்த்தால், கன்றுகளில் ஒரு பகுதி லாலாங் புல்லுக்குள் காணாமல் போயிருக்கும். இன்னொரு பகுதி தனியார் நிலத்தில் நடப்பட்டதால் மண்வாரி இயந்திரத்துக்கு இரையாகியிருக்கும்.

உழைப்பில் குறைவில்லை, வரிசைதான் தவறு. கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். முதல் நான்கு படிகளில் கண்ணுக்குத் தெரியும் பலன் எதுவும் கிடைக்காது என்பதைக் குழுவில் சேர்பவர்களிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

தொடங்குமுன் கைவசம் இருக்க வேண்டியவை

குறைந்தது ஓராண்டு தொடர்ந்து வரக்கூடிய 5 அல்லது 6 பேர் வேண்டும். ஐம்பது பேர் சேர்ந்த வாட்ஸ்அப் குழு இதற்கு ஈடாகாது. அவர்களில் ஒருவருக்கு மலாய் மொழியில் அலுவலகக் கடிதம் எழுதவும், வரும் பதிலைப் படித்துப் புரிந்துகொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஒருவர் இல்லாத குழு முதல் படியிலேயே நின்றுவிடுகிறது.

கருவிகளில் 8×42 அளவுள்ள தொலைநோக்கி இரண்டு இருந்தால் போதும். பெரிதாக்கிக் காட்டும் ஆற்றல் அதற்கு மேல் போனால் கை நடுக்கம் கூடும். காட்டின் அரையிருளில் படமும் மங்கும். ஈரம் தாங்கும் குறிப்பேடு, பென்சில், இடத்தைக் குறிக்கும் கைப்பேசி ஆகியவை மற்ற தேவைகள். மழையில் மையெழுத்து கரைந்துவிடும் என்பதால் பேனாவைத் தவிர்க்கவும்.

குழுவுக்கு ஒரு சட்டப்பூர்வமான முகம் வேண்டும். 7 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கொண்ட சங்கம் 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற வேண்டும். புதிதாகப் பதிவு செய்து காத்திருப்பதைவிட, ஏற்கெனவே உள்ள குடியிருப்பாளர் சங்கம், ருக்குன் தெத்தாங்கா எனும் அக்கம்பக்கத்தார் குழு, ஆலய நிர்வாகம் அல்லது மலேசிய இயற்கைச் சங்கத்தின் வட்டாரக் கிளை ஆகியவற்றில் ஒன்றின் துணைக்குழுவாகத் தொடங்குவது எளிது. 1940 முதல் இயங்கிவரும் இயற்கைச் சங்கத்துக்குப் பினாங்கிலும் சிலாங்கூரிலும் கிளைகள் உண்டு; பறவை அடையாளம் தெரிந்தவர்களும் அங்கேதான் இருப்பார்கள்.

1. நிலம் யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. ஆகவே, உங்கள் கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தெரியும் மலைச்சரிவில் நிரந்தர வனக் காப்பகம், நீர்ப்பிடிப்புப் பகுதி, மாநில அரசின் தரிசு நிலம், ஆற்றோர ஒதுக்கீடு, தனியார் பட்டா நிலம் என்று ஐந்து வகை நிலங்கள் அடுத்தடுத்து இருக்கக்கூடும். வகைக்கு ஏற்ப நீங்கள் அணுக வேண்டிய அலுவலகமும் மாறும்: காப்பகத்துக்கு மாநில வனத்துறை, ஆற்றோரத்துக்கு வடிகால் நீர்ப்பாசனத் துறை, மற்றவற்றுக்கு நில அலுவலகம். தெலுக் பஹாங்கில் உள்ள பினாங்குத் தேசியப் பூங்காவாக இருந்தால், பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையை நாட வேண்டும்.

நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, மனை எண்ணைக் கொடுத்து, உரிமைப் பதிவைப் பார்க்கலாம். மனை எண் தெரியாவிட்டால் நகராண்மைத் திட்டமிடல் துறையின் வரைபடத்திலிருந்து தொடங்குங்கள். கூகுள் வரைபடத்தில் பச்சை நிறம் தெரிவதை ஆதாரமாகக் கொண்டு, இது அரசுக் காடு என்று முடிவு செய்வதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பரவலான தவறு.

பினாங்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு, அதாவது பழைய கணக்கில் 250 அடிக்கு, மேலுள்ள நிலத்தையும் 25 பாகைக்கு மேல் சரிவுள்ள நிலத்தையும் மாநிலக் கட்டமைப்புத் திட்டம் மலைநிலமாகக் கருதி மேம்பாட்டைக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் இடம் அந்தக் கோட்டுக்கு மேலா கீழா என்பது பின்னால் எட்டாம் படியில் பெரிதும் உதவும். கொடிமலை எனப்படும் பினாங்கு மலையைச் சுற்றியுள்ள 12,481 ஹெக்டர் பரப்பை யுனெஸ்கோ 2021 செப்டம்பரில் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. உங்கள் இடம் அதற்குள் வந்தால் கடிதத்தில் அதையும் குறிப்பிடுங்கள். ஆனால் அந்த அறிவிப்பு மட்டுமே தனியார் நிலத்தில் மரம் வெட்டுவதைத் தடுத்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். தடுப்பது நாட்டுச் சட்டமும் மாநிலத் திட்டமும்தான்.

வனக் காப்பகத்துக்குள் வேலை செய்ய 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டத்தின்கீழ் அனுமதி வாங்க வேண்டும். பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, இரண்டாம் படியைத் தொடங்கிவிடலாம்.

2. காட்டை நம்பி வாழ்பவர்களைச் சந்தியுங்கள்

நகரத்திலிருந்து வருபவர்களுக்குக் காடு என்றால் மரமும் பறவையும்தான். உண்மையில் ஒவ்வொரு மலையோரத்திலும் அதைக் கொண்டு பிழைப்பவர்கள் இருக்கிறார்கள்: பாலேக் பூலாவில் டுரியான் தோட்டக்காரர்கள், மலைச்சரிவில் காய்கறி பயிரிடுபவர்கள், மலையேற்றப் பாதையின் தொடக்கத்தில் கடை வைத்திருப்பவர்கள், ஓடை நீரைக் குழாய் வழியாக எடுத்துக்கொள்ளும் கம்பத்து (கிராமத்து) வீடுகள். சிலாங்கூர் பக்கம் போனால் தெமுவான் பூர்வகுடியினர். இவர்களுக்குத் தெரியாமல் தொடங்கும் எந்த வேலையும் நிலைக்காது. வேலியைப் பிடுங்கி எறிய ஓர் இரவு போதும்.

முதல் சந்திப்பில் படிவம், கையெழுத்து, படமெடுப்பு எதுவும் வேண்டாம். கேட்க வேண்டியவை சிலதான். இந்தக் காட்டிலிருந்து உங்களுக்கு என்ன கிடைக்கிறது? இதனால் உங்களுக்கு என்ன நட்டம்? பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்து இப்போது இல்லாதது எது? இரண்டாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குரங்கும் காட்டுப்பன்றியும் தோட்டத்தை அழிப்பதைப் பற்றிப் பேச இடம் கொடுக்காமல் பாதுகாப்பைப் பற்றி மட்டும் பேசினால், எதிரில் இருப்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

பறவை பிடிப்பவர்களிடம் பேசும் முறை தனி. வாசலில் முராய் பத்து எனும் பாடும் பறவையின் கூண்டு தொங்கும் ஒரு பெரியவரிடம், குழுவில் இருந்த இளைஞர் ஒருவர் சட்டப் பிரிவைச் சொல்லத் தொடங்கியதும் அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். மறுவாரம் போன இன்னொருவர், "அண்ணே, இந்த மாதிரிக் குரல் இப்ப மேல ஆத்தோரத்துல கேக்குதா?" என்று மட்டும் கேட்டார். பெரியவர் ஒரு குச்சியால் தரையில் ஓடையை வரைந்து, எந்தெந்த வளைவில் எத்தனை ஜோடி இருந்தன, எந்த ஆண்டிலிருந்து சத்தமில்லை என்று காட்டினார். தமிழ்நாட்டில் சோலைபாடி என்று அழைக்கப்படும் அந்தப் பறவையின் பழைய எல்லையைப் பற்றி அதைவிடத் துல்லியமான வரைபடம் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது.

டுரியான் தோட்டக்காரர்களிடம் பேசும்போது வௌவாலைப் பற்றிய பேச்சு தவறாமல் வரும். டுரியான் பூ மாலையில் மலர்ந்து இரவிலேயே உதிரத் தொடங்குவது. அதன் மகரந்தத்தைக் கடத்துவதில் குகைகளில் வாழும் தேனுண்ணி வௌவாலுக்குப் பெரும் பங்கு உண்டு. பெரிய பழந்தின்னி வௌவால் பூவை நாசமாக்குகிறது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் தியோமான் தீவில் நடத்தப்பட்டு 2017இல் வெளிவந்த ஆய்வு, பழந்தின்னி வௌவாலும் டுரியானின் மகரந்தத்தைக் கடத்திக் காய்ப்பைக் கூட்டுகிறது என்று காட்டியது. பறவைக் குழு ஏன் வௌவாலைப் பற்றிப் பேச வேண்டும் என்றால், காட்டை விட்டுவைப்பதில் தமக்கு என்ன ஆதாயம் என்ற தோட்டக்காரரின் நியாயமான கேள்விக்கு இதுவே மிக நேரடியான விடை என்பதால்தான்.

3. ஓராண்டு பறவைகளை எண்ணுங்கள்

எண்ணாமல் தொடங்கினால், உங்கள் வேலையால் நன்மை நடந்ததா என்று பின்னால் சொல்லவே முடியாது. ஆறு மாதம் போதாதா என்று கேட்பார்கள், போதாது. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் ஏறக்குறைய செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கே தங்குகின்றன. பிப்ரவரியில் எண்ணியதை ஜூலையோடு ஒப்பிட்டால் பறவைகள் அழிந்துவிட்டதாகத் தோன்றும்.

முறை எளிது. பாதையோரமாக 200 மீட்டருக்கு ஒன்றாக ஐந்தாறு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் 10 நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எழுதுங்கள். இடைவெளி குறைந்தால் ஒரே பறவையை இரண்டு முறை எண்ண நேரிடும். நம் கடிகாரப்படி சூரியன் ஏறக்குறைய 7 மணிக்குப் பிறகே உதிப்பதால், 7.30க்குத் தொடங்கி 9.30க்குள் முடிப்பது நல்லது. அதற்குப் பிறகு வெயிலேற ஏறக் காடு அடங்கிவிடும். மாதம் இரண்டு முறை, அதே இடங்கள், அதே நேரம். மழை பெய்தால் தள்ளிப் போடுங்கள்.

மழைக்காட்டில் பெரும்பாலான பறவைகளைப் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும். குக்குறுவானின் விடாத தட்டொலி, இரவிலும் விடியலிலும் ஆறுமணிக் குருவியின் இரட்டைச் சீட்டி, உச்சியில் இருவாச்சியின் சிறகுகள் எழுப்பும் காற்றொலி ஆகியவற்றை முதல் மூன்று மாதங்களில் பழகிக்கொள்ள வேண்டும். மெர்லின் செயலி கைப்பேசியிலேயே குரலை அடையாளம் காட்டும். அது சொல்வதைக் குறிப்பாக எடுத்துக்கொண்டு, உங்கள் காதோ கண்ணோ உறுதி செய்த பிறகே பதியுங்கள். செயலி சொன்னதற்காக மட்டும் எழுதப்பட்ட ஓர் அரிய பறவை, பட்டியல் முழுவதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

பதிவுகளை இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுங்கள். அங்கே ஏற்றியவை ஆய்வாளர்களுக்கும் பயன்படும், உங்கள் கணினி கெட்டாலும் அழியாது. கடத்தலுக்கு இலக்காகும் சில இனங்களின் இடத்தை அத்தளம் தானே மறைத்துவிடும். ஆயினும் கூடு உள்ள மரம், முராய் பத்து பாடும் வளைவு போன்றவற்றைக் குறிப்புரையில் எழுத வேண்டாம். முகநூலில் அறவே வேண்டாம்.

மொத்த இனங்களின் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்வது இந்தப் படியின் பெரிய பொறி. காடு சிதைந்து திறந்தவெளி கூடும்போது மைனா, காகம், மஞ்சள் புழைச் சின்னான், புள்ளிப்புறா எல்லாம் உள்ளே வருவதால் பட்டியல் சில காலம் நீளவே செய்யும். ஆகவே பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்: ஊரோரத்திலும் வாழக்கூடியவை, காட்டின் நிழலை விட்டு வெளியே வராதவை. மரங்கொத்திகள், தரையில் இரை தேடும் சிலம்பன்கள், ஆறுமணிக் குருவி போன்ற இரண்டாம் வகைப் பறவைகள் எத்தனை இடங்களில் எத்தனை முறை பதிவாகின என்பதே நீங்கள் ஆண்டுதோறும் கவனிக்க வேண்டிய எண்.

4. புதிதாக எதையும் சேர்க்குமுன் இழப்பை நிறுத்துங்கள்

ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது போல, ஒரு பக்கம் பறவை பிடிபட்டுக்கொண்டிருக்க மறுபக்கம் மரம் நடுவதில் பொருளில்லை. எண்ணிய ஓராண்டில் எங்கே எது இழக்கப்படுகிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதலாவது, பறவை பிடித்தல். பசை தடவிய குச்சி, கண்ணுக்குத் தெரியாத நைலான் வலை, ஒலிபெருக்கியில் குரலை ஒலிக்கவிட்டு இழுத்தல் ஆகியவை வழக்கமான முறைகள். இது ஓர் இனத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்குப் பாராவ்-பாராவ் எனப்படும் வைக்கோல்தலைச் சின்னான் சான்று. ஆற்றோரங்களில் பாடித் திரிந்த அப்பறவை கூண்டுச் சந்தைக்காகவே பிடிக்கப்பட்டு, 2018இல் மிக அருகிய இனம் என்ற நிலைக்கு இறங்கியது. பாதுகாக்கப்பட்ட இனங்களை உரிமமின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றம். வலையைக் கண்டால் இடம், நேரம், படம் ஆகியவற்றோடு பெர்ஹிலித்தானுக்குப் புகார் கொடுங்கள். சிக்கிய பறவையை நீங்களே அறுத்தெடுக்க முயன்றால் அதன் கால் முறியலாம். பிடிப்பவரோடு நேருக்கு நேர் மோதுவதும் உங்கள் வேலையன்று.

இரண்டாவது, பட்ட மரங்களை வெட்டுதல். இதைப் பறவை அன்பர்களே சில நேரங்களில் துப்புரவு என்ற பெயரில் செய்கிறார்கள். மரங்கொத்தியும் குக்குறுவானும் உளுத்த மரத்தில்தான் பொந்து குடைய முடியும். இருவாச்சியால் குடையவே முடியாது, இயற்கையாக அமைந்த பொந்தைத்தான் அது நம்பியிருக்கிறது. பாதையிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் மரத்தின் உயரத்துக்கு மேல் தள்ளியிருக்கும் பட்ட மரங்களை அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்று, மாநகர் மன்றத்தின் மரம் வெட்டும் ஒப்பந்தக்காரரிடமும் அவரை மேற்பார்வையிடும் அதிகாரியிடமும் எழுத்தில் கேளுங்கள். இருக்கும் ஒரு பொந்து மரத்தைக் காப்பாற்றுவது நூறு கன்று நடுவதைவிட மேல் என்பது என் கருத்து.

குப்பை கொட்டுதல், வறண்ட மாதங்களில் லாலாங்குக்குத் தீ வைத்தல், வீட்டுப் பூனைகளை விடியலில் வெளியே விடுதல் ஆகியவற்றை அக்கம்பக்கத்தாரோடு பேசியே பெரும்பாலும் தீர்த்துவிடலாம்.

5. இப்போது மரம்

இங்கும் கன்று வாங்குமுன் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. பறவைகளும் வௌவால்களும் போட்ட விதைகளிலிருந்து தானே முளைத்த கன்றுகள், லாலாங்குக்கும் மிக்கானியா கொடிக்கும் அடியில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். அவற்றைத் தேடி, பக்கத்தில் மூங்கில் குச்சி நட்டு அடையாளமிட்டு, சுற்றிலும் ஒரு மீட்டர் அளவுக்குக் களை எடுங்கள். லாலாங்கை வெட்டினால் மீண்டும் தளிர்க்கும். பலகையால் மிதித்துச் சாய்த்தால் நிழலில் அது சோர்ந்துபோகும். மண்ணுக்குப் பழகிய வேருள்ள இக்கன்றுகள் வாங்கிய கன்றுகளைவிட வேகமாக வளரும், காசும் செலவாகாது. தானே முளைத்தவை போதிய அளவு இல்லாத இடத்தில் மட்டும் நடுங்கள்.

எதை நடுவது? வேகமாக நிழல் தரும் மஹாங், சிறு பறவைகள் விரும்பும் கெலாட் வகை நாவல்கள், இவற்றோடு மூன்று நான்கு வகை அத்தி. ஜெஜாவி, வாரிங்கின், பேயத்தி போன்ற அத்தி இனங்கள் ஒரே பருவத்தில் மொத்தமாகப் பழுப்பதில்லை. மற்ற மரங்களில் பழமில்லாத மாதங்களில் பச்சைப்புறாவுக்கும் இருவாச்சிக்கும் அவையே சோறு. ஆனால் அத்தியின் வேர் சுவரையும் சாக்கடையையும் பிளக்கும். ஆகவே கட்டடங்களிலிருந்து வெகு தூரம் தள்ளி நடுங்கள். மூன்று ஆண்டு கழித்து மாநகர் மன்றம் வெட்டிப்போட்ட அத்தியால் யாருக்கும் பயனில்லை. வேகமாக வளர்கிறது என்பதற்காக அக்காசியாவை வாங்கிவிடாதீர்கள். அது தானே பரவி உள்ளூர் மரங்களை நெருக்கும்.

மெராந்தி, கெருயிங் போன்ற பெருமரங்களை எல்லோரும் கேட்பார்கள். அவை ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே சேர்ந்து பூத்துக் காய்க்கும். விதையும் சில வாரங்களுக்கு மேல் உயிரோடிருக்காது என்பதால் சேமித்து வைக்க இயலாது. முதல் மரங்கள் நிழல் கொடுத்த பிறகு, மூன்றாம் நான்காம் ஆண்டில் அவற்றைக் கொண்டு வாருங்கள். காப்பகத்துக்குள்ளிருந்து விதையோ கன்றோ எடுப்பதற்கும் அனுமதி தேவை.

நாற்றுப் பைகளை வாங்கும்போது ஒன்றைச் சாய்த்து, பையை மெல்லக் கழற்றி அடியைப் பாருங்கள். வெண்மையான நுனியுள்ள வேர்கள் மண்ணைப் பற்றிக்கொண்டிருந்தால் நல்ல கன்று. பழுப்பு நிற வேர் பையின் அடியில் கயிறுபோல் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தால், மேலே இலை எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள்; அந்த வேர் மண்ணுக்குள் போன பின்னும் சுற்றிக்கொண்டேயிருந்து, மரம் பெருத்தபின் ஒரு புயற்காற்றில் சாய்த்துவிடும்.

நாற்றங்காலை வீட்டுப் பின்புறத்தில் வைத்தால் தட்டுகளில் நீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசுப்புழு காணப்பட்டால் சுகாதாரத் துறை தண்டம் விதிக்கும். அதைவிடப் பெரிது, பக்கத்து வீட்டில் ஒருவருக்கு டெங்கி வந்தால் குழுவின் பெயர் அத்துடன் போய்விடும்.

பினாங்கில் செப்டம்பர் மழை தொடங்கியதும் நடுங்கள். டிசம்பர் கடைசியில் வறட்சி தொடங்குமுன் வேர் பிடித்துவிடும். கோலாலம்பூரில் மார்ச் இறுதியும் அக்டோபரும் ஏற்ற காலங்கள். உலகச் சுற்றுச்சூழல் நாள் ஜூன் 5 என்பதால் அன்று நட வேண்டும் என்று ஆதரவாளர்கள் வற்புறுத்துவார்கள்; அவர்களைக் களையெடுக்க அழைத்துவிடுங்கள். கன்றுக்குக் கன்று 2 அல்லது 3 மீட்டர் இடைவெளி விட்டு, பையை முழுவதுமாக நீக்கி, பையில் இருந்த மண்மட்டத்திலேயே நட்டு, வெட்டிய புல்லைத் தண்டில் படாமல் சுற்றிப் பரப்புங்கள். பையைக் கீறாமல் அப்படியே புதைத்துவிட்டுப் போவது நடவு விழாக்களில் நாம் காணும் வழக்கமான காட்சி.

பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு, இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை களையெடுக்க வேண்டும். இதற்கு ஆளில்லை என்றால் நடவையே குறைத்துக்கொள்ளுங்கள்.

6. கூடு கட்டும் காலத்தில் ஒதுங்கியிருங்கள்

மலையோரத்தில் எளிதாகக் காணக்கூடியது எங்காங் கெலிங்கிங் எனப்படும் கறுப்பு வெள்ளை இருவாச்சி. பெண் பறவை பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை ஒரு பிளவின் வழியாகப் பழமும் பூச்சியும் ஊட்டும். ஆண் பறவை மனிதருக்கு அஞ்சி மரத்தை நெருங்காமல் இருந்தால், உள்ளே இருக்கும் குடும்பம் முழுவதும் பட்டினி கிடக்கும். புகைப்படக்காரர்கள் காரணம் புரியாமல் காத்திருப்பது இந்த நேரத்தில்தான்.

ஆகவே ஜனவரி முதல் ஜூன் வரை கூட்டு மரத்துக்கு அருகில் குழு போக வேண்டாம். தொலைநோக்கியில் தெரியும் தூரத்தில், மறைவில் ஒருவர் மட்டும் வாரம் ஒருமுறை நின்று, ஆண் பறவை வந்துபோகும் நேரத்தை எழுதினால் போதும். குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதை இந்த மாதங்களில் முற்றாக நிறுத்துங்கள். செயற்கைக் கூடு அமைப்பதைப் பற்றியும் கேட்பார்கள். இயற்கைப் பொந்து உண்மையிலேயே இல்லை என்று உறுதியான பிறகு, வல்லுநர் துணையோடு செய்ய வேண்டியது அது.

7. வருமானம் உள்ளூராருக்குப் போகட்டும்

காடு இருப்பதால் மாதத்துக்கு ஏதாவது கையில் கிடைக்கும் குடும்பம், அதைக் காக்கும். பேராக்கின் பெலும்-தெமெங்கோர் காட்டில், மலேசியாவின் 10 இருவாச்சி இனங்களும் காணப்படும் இடத்தில், இயற்கைச் சங்கம் பூர்வகுடியினரையே இருவாச்சிக் காவலர்களாக வைத்துக் கூடுகளைக் கண்காணித்து வந்திருக்கிறது. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது, உள்ளூர் அறிவுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு.

களையெடுப்பு, நாற்று வளர்ப்பு, பாதை பராமரிப்பு ஆகியவற்றுக்கு நாட்கூலி ஒதுக்குங்கள். நகரத்திலிருந்து வருபவர் ஞாயிற்றுக்கிழமை தொண்டாகச் செய்யும் அதே வேலைக்காக ஒரு கம்பத்துக்காரர் தம் அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. கூலியை அன்றே ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் தருகிறோம் என்று சொன்ன குழுக்களுக்கு இரண்டாம் மாதம் ஆள் வருவதில்லை.

பறவை பார்க்க வருபவர்களை அழைத்துச் செல்வது அடுத்த வழி. கட்டணம் வாங்கி வழிகாட்ட 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். இயற்கை வழிகாட்டிகளுக்கென்று பச்சை அட்டை உண்டு. பயிற்சிச் செலவைக் குழு ஏற்று, மலையோர இளைஞர்கள் ஓரிருவரை அனுப்புவது நல்ல முதலீடு. முன்பு பறவை பிடித்தவர்கள் இதில் மிகச் சிறந்து விளங்குகிறார்கள். காது ஏற்கெனவே பழகியிருக்கிறது. ஒரு முறைக்கு 6 பேருக்கு மேல் அழைத்துச் செல்லாதிருப்பதும், கட்டணம் எப்படிப் பிரிகிறது என்பதை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி ஒட்டுவதும் பின்னால் வரும் சண்டைகளைத் தவிர்க்கும்.

பூர்வகுடியினர் வாழும் இடமாக இருந்தால், வருகையாளர் வரலாமா, எந்த எல்லை வரை, எந்த மாதங்களில் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அத்துடன் விட்டுவிடுங்கள்.

8. ஆட்சேபம் தெரிவிக்கத் தயாராக இருங்கள்

ஒருநாள் காட்டோரத்தில் மேம்பாட்டுத் திட்டத்தின் அறிவிப்புப் பலகை ஒன்று முளைக்கும். அதற்குப் பிறகு ஆதாரம் தேடத் தொடங்கினால் கெடு முடிந்துவிடும். தீபகற்ப மாநிலங்களில் 1976ஆம் ஆண்டின் நகர்ப்புற, கிராமப்புறத் திட்டமிடல் சட்டத்தின்கீழும், கோலாலம்பூரில் 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டத்தின்கீழும் வரைவுத் திட்டங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அந்த நாட்களில் நேரில் சென்று உங்கள் மனைக்கு என்ன வண்ணம் தீட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வரைவில் காடு குடியிருப்பாக மாறுவதை அப்போதே எதிர்ப்பது, பின்னால் தனித் திட்டம் ஒன்றை எதிர்ப்பதைவிடப் பலமடங்கு எளிது. சிலாங்கூரில் வனக் காப்பகத் தகுதியை நீக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்று 2011இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே நாளிதழ் அறிவிப்புகளைப் பார்ப்பதற்கென்றே ஒருவரை நியமியுங்கள்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: மனை எண், உங்கள் எண்ணும் இடங்கள் குறிக்கப்பட்ட வரைபடம், தேதிவாரியான பறவைப் பதிவுகள், அந்த நிலத்தை நம்பி வாழ்பவர்களின் கூற்று, திட்டவட்டமான கோரிக்கை. பறவைகள் பாவம் என்ற வாக்கியம் வேண்டாம். ஒரே வாசகத்தை நகலெடுத்து நூறு பேர் கையெழுத்திடுவதைவிட, ஓடை நீரைக் குடிப்பவர், தோட்டக்காரர், பள்ளி ஆசிரியர் என்று பத்துப் பேர் தத்தம் அனுபவத்தைத் தனித்தனியாக எழுதுவது வலுவானது.

குடியிருப்பாளர்கள் சொல்வது எடுபடாது என்று பலர் இந்தப் படியிலேயே ஒதுங்குகிறார்கள். தாமான் ரிம்பா கியாரா என்ற பூங்காவைப் பற்றிய வழக்கில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் வட்டாரக் குடியிருப்பாளர்கள் பல ஆண்டுகள் போராடி, 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றத்தில் வென்றார்கள். அங்கே அளிக்கப்பட்டிருந்த மேம்பாட்டு ஆணை, அதாவது கட்டுமானத்துக்கான அனுமதி, ரத்தானது. வழக்குக்குப் போகும் நிலை வந்தால் தேதியிட்ட ஆவணங்களே பேசும். எனவே மூன்றாம் படியின் குறிப்பேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, இரண்டு வெவ்வேறு வீடுகளில் பிரதி வையுங்கள். அலுவலகங்களுக்கு அனுப்பிய ஒவ்வொரு கடிதத்திலும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி, அதே கோப்பில் சேருங்கள்.